நாலு மிடறு பனை: இடைசெவலிலிருந்து ஓர் அரை நாள் பயணம்

அக்கா மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். சரக்குக் கப்பல் இல்லை, ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும் சொகுசுக் கப்பல். அதன் அடுக்களையில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் இடைசெவலுக்கு வருவான். வந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, பார்த்த ஊர்களின் கதையைச் சொல்வான்.

இந்தத் தடவை சொன்னது பார்படாஸ் கதை. கரீபியன் கடலில் இருக்கும் சின்னத் தீவு. கப்பல் கரையைத் தொட்டதும் பயணிகளை வேனில் ஏற்றி ஒரு ரம் ஆலைக்குக் கூட்டிப்போவார்களாம். அங்கே 1703-ஆம் ஆண்டு ஆவணம் வைத்திருக்கிற மௌண்ட் கே போன்ற பழைய ஆலைகள் உண்டு. ஆளுக்கு நாலு சின்னத் தம்ளர். முதலில் நிறம் பார்க்க வேண்டும், அப்புறம் மணம், கடைசியில்தான் ஒரு மிடறு. முடிந்ததும் அவரவர் கையாலேயே ஒரு 'பஞ்ச்' கலக்கக் கற்றுக்கொடுப்பார்கள். புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நாலு. மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மறுபடி கப்பல்.

"நம்ம பக்கம் அப்படி ஒரு கூட்டம் வந்து இறங்குனா, என்னத்த மாமா காட்டுவோம்?" என்று கேட்டான்.

"நம்மகிட்டயும் நாலு மிடறு இருக்கு. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பு" என்றேன்.

கரிசலில் ஒரு விடியல்

இடைசெவலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை - திருநெல்வேலி நெடுஞ்சாலையில், கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே பத்துக் கிலோமீட்டர் போல வந்தால் எங்கள் ஊர். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1923. இருவருக்குமே சாகித்ய அகாதமி விருது. இந்தக் காய்ந்த மண்ணிலிருந்து இவ்வளவு கதை எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

சித்திரை மாதக் கரிசலை விடியற்காலையில் பார்க்க வேண்டும். பருத்தி மார் பிடுங்கிய காடு, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் இதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயிலில் கல். இதில் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி என்று மானாவாரியாக எது வருமோ அதுதான் வெள்ளாமை. பனை, கண்மாய்க் கரையிலும் காட்டு வரப்பிலும் நாலைந்து நிற்கும். தோப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே கடல் பக்கம் போக வேண்டும். அதனால் எங்கள் வண்டி கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பாருக்குக் கிளம்பியது. 60 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

எட்டயபுரத்தில் ஒரு நிறுத்தம்

எட்டயபுரத்தில் டீ குடிக்க இறங்கினோம். பாரதி பிறந்த வீடும், கல்கி முன்னின்று எழுப்ப, 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இங்கேதான் இருக்கின்றன. அவ்வளவு காலையில் இரண்டும் பூட்டிக் கிடந்தன. ஆனாலும் மருமகனிடம் ஒன்றைச் சொல்ல அது சரியான இடமாகப் பட்டது.

ரம் எதிலிருந்து வருகிறது? கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு இருக்கிறதே, மொலாசஸ், பெரும்பாலும் அதிலிருந்துதான். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ஆங்கிலேயர் தங்கள் குடியேற்றங்களில் 1834-இல் அடிமை முறையை நிறுத்தியதும், அந்த இடத்துக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். மொரீஷியஸுக்கு அந்தக் காலத்திலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மார்ட்டினிக் தீவுக்கு 1853-இல் புதுச்சேரிப் பக்கமிருந்து முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களுக்காக நெஞ்சு கொதித்துப் பாட்டெழுதியவர், இதோ இந்த எட்டயபுரத்துக்காரர்.

"அங்க மீப்பாய் எத்தனை வருஷம் பழசுன்னு சொன்னாங்க மாமா. வெட்டுன ஆளைப் பத்தி நான் போன அன்னைக்கு யாரும் சொல்லல" என்றான் மருமகன்.

ஒரு சுவையைக் காட்டுகிறவர்கள், அதை உண்டாக்கும் ஆளையும் காட்ட வேண்டும். நான் அவனுக்குக் காட்ட நினைத்தது அதைத்தான்.

முதல் மிடறு: பதநீர்

விளாத்திகுளம் தாண்டியதும் மண்ணின் நிறம் மெல்ல மாறுகிறது. கறுப்பு வெளுத்து, மணலாகிறது. வேம்பார் நெருங்க நெருங்க, பார்க்கிற இடமெல்லாம் பனை.

நாங்கள் போனபோது பெரியவர் ஒருவர் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, கலயத்திலிருந்து ஊற்றிக்கொள்ளும் குடுவை. அறுபதைத் தாண்டிய உடம்பு. மார்பு முழுக்க மரம் உரசிக் காய்த்துப்போயிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குடிங்க" என்று பனையோலையைப் பட்டையாக மடித்துக் கையில் கொடுத்து ஊற்றினார்.

மருமகன் ரம் ஆலையில் படித்த பாடத்தை மறக்கவில்லை. நிறம் பார்த்தான்: இளநீரைவிடக் கொஞ்சம் மங்கல். மணம்: பச்சை ஓலையும் சுண்ணாம்பும் கலந்த வாசம். பிறகு மிடறு. முதலில் இனிப்பு, அதன் வாலில் சுண்ணாம்பின் லேசான காரம். கண்ணை மூடித் திறந்தான்.

அந்தச் சுண்ணாம்பில்தான் எல்லாம் இருக்கிறது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால், காற்றில் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் இனிப்பைப் புளிக்க வைத்துக் கள்ளாக்கிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. அதனால் நம் மாநில மரத்திலிருந்து இறங்குவது சுண்ணாம்புக் கலயத்துப் பதநீர் மட்டும்.

கலக்கிக் குடிக்கும் கலையும் இங்கே உண்டு. பெரியவர் நுங்கு இரண்டைச் சீவிப் பட்டையில் போட்டார். பக்கத்தில் வைத்திருந்த மாங்காயை நறுக்கி நாலு துண்டு சேர்த்தார். இனிப்பு, புளிப்பு, நடுவே வழுக்கிக்கொண்டு போகும் நுங்கு.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் தாத்தா?"

"முப்பது. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

மருமகன் மனசுக்குள் கணக்குப் போட்டான். 60 ஏற்றம், மரத்துக்கு 50 அடி என்றாலும் 3,000 அடி. "எங்க கப்பல் தண்ணிக்கு மேல 200 அடி நிக்கும் மாமா. இவரு தினமும் அதைப் பதினஞ்சு தடவை ஏறி இறங்குறாரு. லிஃப்ட் இல்லாம."

இரண்டு, மூன்று, நாலு: விடிலியில்

பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு இங்கே விடிலி என்று பெயர். உள்ளே பெரியவரின் மனைவி அடுப்போடு இருந்தார். காய்ந்த பனை மட்டையும் வேலிக்கருவை விறகும் எரிந்தன. வெளியே வெயில், உள்ளே நெருப்பு. அரை மணி நேரம் நிற்க முடியவில்லை எங்களால். ஆச்சி விடியற்காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார்.

கொதித்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார். நுரை அப்படியே அடங்கியது. அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஆற்றிக் கொடுத்தார். இரண்டாவது மிடறு இது, காய்ச்சின பதநீர். பச்சை வாசம் போய், புகையின் மணம் ஏறியிருந்தது.

இன்னும் வற்றியதும் தேன் பதத்தில் ஒன்று வரும், கூப்பதனி. அது மூன்றாவது. விரலால் வழித்து நக்க வேண்டும். அதற்கப்புறம் பதம் பார்ப்பதில்தான் ஆச்சியின் கைவேலை இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். முந்தினால் இறுகாது, பிந்தினால் கருகிவிடும். கடிகாரம் இல்லை, அளவுக்கருவி இல்லை. இறக்கித் துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. நாலாவது அது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதன் விலை சீனியைவிடப் பல மடங்கு ஏன் என்பதற்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியில் சீனிப் பாகு சேர்க்கிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம்.

"உடைச்சுப் பாரு ராசா. சீனி போட்டதுன்னா உள்ள மினுமினுன்னு இருக்கும். இது மங்கலாத்தான் இருக்கும். மழைக்காலத்துல கசியும். கசிஞ்சா கெட்டுப்போச்சுன்னு நினைக்காத, அதுதான் அசல்" என்றார் ஆச்சி.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். மூத்தவர் திருப்பூரில், இளையவர் சென்னையில். "மரம் ஏற வேண்டாம்னு நாங்கதான் சொன்னோம். விழுந்தா யாரு பார்ப்பா?" என்றார். பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அடுத்த வருஷம் பதினஞ்சு மரத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றார். மிச்சம் பதினைந்து மரமும் அங்கேதான் நிற்கும், பாளையும் விடும். சீவத்தான் ஆள் இல்லை. ஒரு பனை பலனுக்கு வர பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை ஏறக் கற்ற ஒரு ஆள் உருவாகவும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் வேண்டும். மரத்தையாவது விதை போட்டு வளர்த்துவிடலாம்.

மருமகன் ஐந்து கிலோ வாங்கினான். பேரம் பேசவில்லை.

பஞ்ச் என்கிற பானக்காரம்

திரும்பும் வழியில் கோவில்பட்டியில் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கினோம். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். கரிசல் நிலக்கடலை, வெல்லப் பாகு இரண்டும்தான் அதன் உயிர். கரும்பின் இனிப்பிலும் நமக்குப் பங்கு உண்டு என்று அதைக் கடித்துக்கொண்டே ஊர் வந்தோம்.

சாயங்காலம் அக்கா பானக்காரம் கரைத்தாள். கோவில் கொடைக்கும் கோடை வெயிலுக்கும் எங்கள் பக்கத்தில் கரைப்பது. நீங்களும் செய்து பாருங்கள். 100 கிராம் கருப்பட்டியை நாலு தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மணல் இருக்கும். சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள், புளி ஆகாதவர்கள் எலுமிச்சை பிழியலாம். கால் ஸ்பூன் சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மண்பானையில் அரை மணி நேரம் வையுங்கள்.

மருமகன் குடித்துவிட்டுச் சிரித்தான். "புளிப்பு, இனிப்பு, வாசனை, தண்ணி. அங்க கலக்குனது இதேதான் மாமா, ரம் மட்டும்தான் இல்ல." அவன் சொன்னதில் தப்பில்லை. பஞ்ச் என்ற சொல்லே ஐந்து பொருள் என்கிற நம் நாட்டுச் சொல்லிலிருந்து, 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்துபோன ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் கொண்டுபோனது என்று சொல்வார்கள்.

மறுவாரம் அவன் பெட்டி கட்டியபோது இரண்டு கருப்பட்டி உள்ளே போனது. கப்பல் அடுக்களையில் எல்லா நாட்டு ஆட்களுக்கும் பானக்காரம் கலக்கிக் கொடுப்பானாம். "அந்தத் தாத்தா மரம் ஏறுற வீடியோவையும் காட்டணும்" என்றான். பெரியவரிடம் கேட்டுத்தான் எடுத்திருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு

மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை பதநீர்க் காலம். சித்திரை, வைகாசி நல்லது. காலை எட்டு மணிக்குள் தோப்பில் இருந்தால்தான் நல்ல பதநீர். கோவில்பட்டியில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பேருந்து கிடைக்கும். வேம்பார் வரை போக முடியாதவர்கள், கோடையில் தென்மாவட்டச் சாலையோரங்களில் ஓலைப் பட்டையோடு நிற்பவர்களிடம் வண்டியை நிறுத்துங்கள். குழந்தைகளையும் இறக்கிவிடுங்கள். குடித்து முடித்ததும் எந்த மரம், யார் ஏறியது என்று கேளுங்கள். ஏறியவரே பெரும்பாலும் எதிரில் நிற்பார்.