12 விநாடி நெருப்பு

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டாவில் விமானப் பொறியாளராக வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன், உடன் பணிபுரியும் இருவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கியிருந்தான். அமெரிக்கா போயிருந்த என்னைத் தொலைபேசியில் பிடித்தான். "எஞ்சின் நல்லா ஓடுதுடா. இறக்கையில குறை இல்ல. ஜன்னலுக்கு என்ன மறைப்பு போடறதுங்கறதுலதான் மூணு பேருக்கும் சண்டை. நீ நெசவு, துணின்னு எழுதிக்கிட்டுத் திரியிறவன்தானே, வா. விமானத்துக்குத் துணி தைக்கிற ஒரு அம்மா இருக்காங்க, காட்டுறேன்" என்றான்.

விச்சிட்டாவை விமானத் தலைநகரம் என்பார்கள். வெறும் விளம்பரப் பெயரில்லை. 1925இல் வால்டர் பீச், கிளைட் செஸ்னா, லாயிட் ஸ்டியர்மன் மூவரும் கூடி டிராவல் ஏர் கம்பெனியைத் தொடங்கிய ஊர் அது. பிறகு ஆளுக்கொரு திசையில் பிரிந்து, மூன்று பெயர்களிலும் விமானங்கள் பறந்தன. நண்பன் வாங்கியிருந்தது செஸ்னா 195. 1947 முதல் 1954 வரை இதே ஊரில் செய்யப்பட்டது. முழுக்க உலோக உடம்பு, தலைக்கு மேல் இறக்கை, ஐந்து பேர் உட்காரலாம். மூக்கில் 300 குதிரைத்திறன் கொண்ட ஜேக்கப்ஸ் எஞ்சின். அது உதறுகிற உதறலைப் பார்த்து விமானிகள் 'ஷேக்கி ஜேக்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கம்பெனிக்காரர் வைத்த பெயர் 'பிசினஸ்லைனர்'. முதலாளிகள் ஊர்விட்டு ஊர் போய் வியாபாரம் பேச வாங்கிய வண்டி. உள்ளே வீட்டுக் கூடம் மாதிரி இருக்க வேண்டுமென்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். ஜன்னல் திரைக்கு ஆசை வந்தது அப்படித்தான்.

இறக்கை மேலே இருக்கிறதே, அதன் நிழல் போதாதா என்று கேட்டேன். உச்சி வெயிலுக்குப் போதுமாம். காலையும் மாலையும் வெயில் சாய்வாக நுழைந்து பின்சீட்டில் இருப்பவர் மடியில் உட்கார்ந்துகொள்ளும். தரையில் நிற்கும்போது இன்னும் மோசம். கான்சஸின் கோடையில் மூடிய கேபின் அடுப்பாகிவிடும். சீட்டுத் துணி வெளுக்கும், தோல் வெடிக்கும்.

அந்த அம்மாவின் பட்டறை ஒரு சிறிய விமான நிலையத்தில், ஹேங்கருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு டேப், மேசையில் சாக்கட்டி. நடுநாயகமாக ஒரு கறுப்பு சிங்கர் 111 மெஷின். ஊசியும் பாதமும் பல்லும் ஒன்றாக நகர்ந்து தடித்த துணியை வழுக்காமல் இழுத்துச் செல்லும் ரகம். அவரைவிட வயது கூடியது என்றார்.

மூன்று பங்காளிகளும் வரிசையாகத் தங்கள் கட்சியைச் சொன்னார்கள். முதலாமவருக்கு வெள்ளித் தாள் போலப் பளபளக்கும் பலகை வேண்டும். விமானம் நிற்கும்போது உள்ளிருந்து ஜன்னலில் செருகிவிடலாம். அந்த அம்மா ஜன்னலைச் சுண்டிக் காட்டினார். "இது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் போட்டாலே மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். பலகையை இதோடு ஒட்டி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் சூடு மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் நிற்கும்போது வெளியே உறை போடுங்கள். ஆனால் துடைத்துவிட்டுப் போடுங்கள். காற்றில் உறை ஆடினால் தூசி உப்புத்தாளாகத் தேய்த்துவிடும்."

இரண்டாமவருக்கு ஜன்னலில் தானாக ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் படலம் போதும். பறக்கும்போது ஒட்டலாம், உரிக்கலாம், விலையும் மலிவு. "பயணிக்கு அது நல்லதுதான். விமானி பக்கம் ஒட்டாதீர்கள். எதிரே வருகிற விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகுவது விமானியின் கடமை. அந்தப் பக்கத்தில் நான் எதையும் தொங்கவிட மாட்டேன்" என்றார். உறிஞ்சுக் கிண்ணம் வைத்த கார்த் திரைகளை அவர் பேச்சிலேயே எடுக்கவில்லை. மேசைக்கடியில் கிடந்த ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார்.

என் நண்பன் கேட்டது பழைய விளம்பரப் படங்களில் இருப்பது போன்ற கொசுவம் வைத்த துணித் திரை. அதற்கு அவர் சம்மதித்தார், பின்ஜன்னல்களுக்கு மட்டும். மேலே ஒரு கம்பி, கீழேயும் ஒரு கம்பி. வீட்டுத் திரைக்கு மேல்கம்பி போதும்; விமானத்தின் சுவர் வளைந்து உள்பக்கம் சாய்வதால் கீழே பிடிப்பு இல்லாவிட்டால் துணி சுவரை விட்டு விலகிப் பயணியின் முகத்தில் விழும். கதவுப் பிடியை மறைக்கக் கூடாது. ஒதுக்கிக் கட்டினால் டிச் பட்டன் போட்டு அப்படியே நிற்க வேண்டும். யாருடைய கையிலும் காலிலும் சிக்கக் கூடாது.

நண்பன் பழைய சாமான் கடையிலிருந்து அழகான கம்பிகளை வாங்கி வந்திருந்தான். அம்மா இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். இரண்டு ஒட்டின. "இரும்பு" என்று ஓரமாக வைத்துவிட்டார். முன்கண்ணாடிக்கு அருகில் இருக்கும் திசைகாட்டி இரும்பையும் காந்தத்தையும் கண்டால் பொய் சொல்லும். பின்ஜன்னல் தூரம்தானே என்றான் நண்பன். "இன்று பின்ஜன்னல். நாளை யாராவது கழற்றி முன்னால் மாட்டுவார்கள். பித்தளையோ அலுமினியமோ போடுவோம்." காந்தம் வைத்து ஒட்டும் திரைகளையும் அவர் தொடுவதில்லை.

அளவெடுத்ததையும் காகிதத்தில் வெட்டியதையும் விட்டுவிடுகிறேன். தையல் தெரிந்தவர்களுக்கு அதில் புதிதில்லை, எனக்கு அது முழுதாகப் புரியவுமில்லை. துணியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் என்னை அங்கே உட்கார வைத்தது.

கொட்டகைக்குப் பின்னால் மணல் நிரப்பிய வாளி, ஓர் இடுக்கி, ஒரு லைட்டர். மூன்று துண்டுகளை வெட்டி எடுத்து வந்தார். முதலில் பருத்தி. பற்றியதும் சுடர் மேலேறியது. சுடர் அணைந்த பிறகும் செங்கனல் துணிக்குள் ஊர்ந்துகொண்டே போனது. அடுத்து சாதாரண பாலியஸ்டர். சுருண்டு, உருகி, சொட்டியது. சொட்டியது மணலில் விழுந்தும் எரிந்தது. கடைசியாகக் கம்பளி. கருகியது, லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. மயிர் பொசுங்கும் வாசனை. காஞ்சிபுரத்தில் பட்டு நூலைக் கொளுத்திப் பார்த்து அசலா என்று சோதிக்கும்போது வருகிற அதே வாசனை. இரண்டும் புரத இழைதான். "இது எனக்காக. இதை நம்பி யாரும் பறக்கக் கூடாது. உண்மையான சோதனை ஆய்வகத்தில்" என்றார்.

அந்தச் சோதனையை அவர் மந்திரம் போல ஒப்பித்தார். துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடிஓரத்தில் பன்சன் அடுப்பின் ஒன்றரை அங்குலச் சுடரை 12 விநாடி காட்ட வேண்டும். சுடரை எடுத்த பிறகு சராசரியாக 15 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. கருகிய நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சொட்டுகிற துளி 5 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. குறைந்தது மூன்று துண்டுகள். பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் வெட்டிச் சோதித்து, எது மோசமாக எரிகிறதோ அதை வைத்துத்தான் தீர்ப்பு. நெருப்புக்குப் பாவும் ஊடையும் வேறுவேறு என்பதை இத்தனை தறிகளைப் பார்த்த நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இது பெரிய பயணிகள் விமானங்களுக்கான அளவுகோல். 195 போன்ற பழைய சிறு விமானத்துக்கு அது சான்று பெற்ற காலத்து விதிதான். அது இதைவிடத் தளர்வானது. பிறகு ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டேன். அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய அம்மா விச்சிட்டாவில் ஸ்டியர்மன் பயிற்சி விமானங்களுக்கு இறக்கைத் துணி தைத்தவர். 8000க்கும் மேற்பட்ட அந்த விமானங்களின் இறக்கைகள் மரச்சட்டமும் பருத்தித் துணியும்தான். துணியைச் சட்டத்தில் இழுத்துத் தைத்து, மேலே 'டோப்' என்ற திரவத்தைப் பூசுவார்கள். துணி முரசுத் தோல் போல விறைக்கும். அதில் நைட்ரோசெல்லுலோஸ் வகை பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அம்மா வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வாசலிலேயே மாற்றிக்கொள்வாராம், சமையலறை அடுப்புக்கு அருகே அதோடு போக மாட்டாராம். 1945இல் போர் முடிந்தது; ஊர் முழுக்க ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று, அம்மாவுக்கும் போயிற்று. பிறகு விமானச் சீட்டு தைக்கும் வேலை கிடைத்தது. மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் தையல் அல்ல. எந்தத் துணி எப்படி எரியும் என்பதுதான்.

"1983இல் சின்சினாட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஏர் கனடாவின் டிசி-9 விமானம். பின்கழிவறையில் தொடங்கிய தீ. புகையோடு தரையிறக்கிவிட்டார்கள். கதவுகள் திறந்து வெளிக்காற்று புகுந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் கேபின் குபீரென்று பற்றியது. இருந்தவர்கள் 46 பேர், இறந்தவர்கள் 23. சீட்டு மெத்தைகளுக்குத் தீத்தடுப்பு விதிகள் அதற்குப் பிறகுதான் இறுகின. "ஐந்து பேர் விமானத்துக்குக் கதவு ஒன்றுதான். எனக்கு எந்த விதி பொருந்தும் என்று நெருப்பு கேட்குமா?" என்றார்.

கம்பளித் துணி முடிவாயிற்று. தைக்க பாலியஸ்டர் நூல். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும்.

இனி நான் சொல்ல வந்த கணக்கு. துணியின் விலை பெரிதில்லை. தைக்கும் கூலி அதைவிடப் பெரிதில்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி விமான உரிமையாளரிடமிருந்து நேராக வருவதில்லை. உள்அலங்காரம் செய்து தருவதாக ஒப்பந்தம் பிடிக்கும் நிறுவனங்கள் துண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து இவரிடம் தைத்து வாங்குகின்றன. டிச் பட்டன் அதே பட்டன்தான். 'விமானத்துக்கானது' என்ற பொட்டலத்தில் ஏறியதும் விலை பல மடங்காகிறது. சோதனைச் சான்று மில்லிலிருந்து துணியோடு வந்திருக்கும். அதையே தனியாக ஒரு வரியில் எழுதிக் கட்டணம் போடுகிறார்கள். கரூரில் ஜன்னல் திரைகளைத் தைத்து அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பும் கூடங்களில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். கடைவிலையைப் பார்த்துவிட்டுத் தன் கூலியைப் பார்ப்பவருக்கு நடுவில் என்ன நடந்ததென்று தெரியாது.

இடைத்தரகர் இங்கே விற்பது பயத்தை. "அரசாங்க விதி, நாங்கள் செய்தால்தான் செல்லும்" என்ற பயம். விதியைப் படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. விமானத்தின் உடற்சட்டத்தையும் இயக்க அமைப்புகளையும் தொடாத அளவில் கேபினின் மெத்தை, அலங்காரத் துணிகளைப் பழுதுபார்க்கும் வேலையை, உரிமம் பெற்ற விமானியான உரிமையாளரே செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி சொல்கிறது. ஓட்டை போடுவது, சட்டத்தைத் தொடுவது என்று வந்தால்தான் மெக்கானிக் வேண்டும். 12 விநாடிச் சோதனை மனிதரைக் காப்பாற்ற வந்தது. அதைக் காட்டி மிரட்டிக் காசு பண்ணுகிறவர்கள் பிறகு வந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கி விதியையே திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கம்பி பொருத்தப் புதிய துளைகள் தேவைப்பட்டதால் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். துளைகளை அவர் போட்டார். அவர் மேற்பார்வையில் அந்த அம்மா கம்பிகளை மாட்டித் திரைகளைக் கோத்தார். பதிவேட்டில் வேலையின் விவரம், தேதி, கையெழுத்து, சான்றிதழ் எண் எல்லாவற்றையும் மெக்கானிக் எழுதினார். அம்மாவின் பெயர் இல்லை. எழுத இடமில்லையா என்று நண்பனிடம் கேட்டேன். அவன் தொலைபேசியில் விதியைத் தேடி எடுத்தான். கையெழுத்திடுபவர் ஒருவர், வேலை செய்தவர் வேறொருவர் என்றால் செய்தவர் பெயரையும் எழுத வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. மெக்கானிக் மறுக்கவில்லை. "யாரும் கேட்டதில்லை" என்றார்.

அம்மா சிரித்தார். "எழுதுங்கள். ஆனால் நினைவிருக்கட்டும், பெயர் இருந்தால் பழியும் என்னைத் தேடி வரும்." அதற்கும் சம்மதம்தான் என்று அவரே அடுத்த வரியில் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஒப்பந்த நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுத்த நூற்றுக்கணக்கான திரைகள் இன்று எந்தெந்த விமானத்தில் தொங்குகின்றன என்று அவருக்கும் தெரியாது, அந்த விமானங்களின் பதிவேடுகளுக்கும் தெரியாது. நாளை அவற்றில் ஒரு துணி சரியில்லை என்று தெரியவந்தால் யாரைக் கேட்பார்கள்? தைத்தவர் பெயரை எழுதுவது மரியாதைக்காக மட்டுமில்லை. அதுவும் ஒரு பாதுகாப்பு விதிதான்.