எலும்பு கூடுதல்

முறிந்த எலும்பு சேர்வதை நம் மக்கள் 'கூடுதல்' என்பர். புத்தூர்க் கட்டுக்குச் சென்று திரும்பியவரிடம், "எலும்பு கூடிடுச்சா?" என்றுதான் கேட்கிறோம். ஆனால் முதுகுத்தண்டில் செய்யும் இணைப்பு அறுவையில் நிகழ வேண்டியது வேறு. தனித்தனியே அசையும் இரு முள்ளெலும்புகளுக்கு நடுவே, எலும்பே இல்லாத இடத்தில், புதிதாக எலும்பு விளைய வேண்டும். திருகாணிகளும் கம்பிகளும் அதுவரை தாங்கி நிற்பவை மட்டுமே. விளையாவிடில் அவை நாளடைவில் தளரும். சில வேளை முறியும்.

எங்கள் சின்ன மாமாவுக்கு இவ்வறுவை முடிவானபோதுதான் இவற்றைப் படிக்க நேர்ந்தது. மரக்காணம் உப்பளங்களில் முப்பது ஆண்டுகள் உப்பு வாரியவர். இப்போது பெரிய முதலியார்சாவடியில் எங்களுக்கு அடுத்த தெரு. இடுப்பெலும்பில் சிறிது செதுக்கி வைக்கலாம், அல்லது எலும்பை வளர்க்கும் புரதத்தை வாங்கி வைக்கலாம், தொகைதான் பெரிது என்றார் மருத்துவர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் எலும்பு மருத்துவர், அமிலத்தில் சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் பொதிந்தார். தசைக்குள் எலும்பு முளைத்தது. 1965-இல் அவர் இதனை வெளியிட்டார். 1988-இல் அப்புரதங்களின் மரபணுக்கள் பிரித்தறியப்பட்டன. 2002-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கீழ்முதுகில் முன்புறமாகச் செய்யும் இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. கொலாஜன் பஞ்சில் புரதத்தை நனைத்து, டைட்டானியக் கூட்டுக்குள் வைப்பது முறை.

இடுப்பைக் கீற வேண்டாம் என்பது சிறிய வரமன்று. எலும்பெடுத்த இடத்து நோவு சிலரை மாதக்கணக்கில் வாட்டும். ஆகவே ஒப்புதல் இல்லாத இடங்களிலும் புரதம் வைக்கப்பட்டது. கழுத்தில் வைத்த சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டவே, 2008-இல் அத்துறை எச்சரித்தது. 2011-இல் 'தி ஸ்பைன் ஜர்னல்' பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தது. நிறுவனப் பணத்தில் நடந்த 13 ஆய்வுகள், புரதம் பெற்ற 780 நோயாளிகள். அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை என்று எழுதப்பட்டிருந்தது. ஒருவருக்குமா! தலைவலி மாத்திரைக்குக்கூட அந்த நற்பெயர் கிடையாது. யேல் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த இரு தனி மறுஆய்வுகள் 2013-இல் வெளிவந்தன. நோவு தணிவதில் சொந்த எலும்பைவிடப் பெரிய மேன்மை ஏதும் அவற்றில் தென்படவில்லை.

மாமாவிடம் எடுத்துச் சொன்னோம். "எலும்பு எங்கிட்டயே இருக்குது மாப்ளே, அதை எதுக்குக் கடையில வாங்கணும்?" என்றார். இடுப்பெலும்பே வைக்கப்பட்டது. பணத்துக்காக இப்படி முடிவெடுத்தோமோ என்னும் உறுத்தல் எங்களுக்கு இல்லாமலில்லை. மருத்துவரோ வேறொன்றில்தான் கறாராக இருந்தார்: பீடி. புகை எலும்பு கூடுவதைத் தடுக்கும். எதை வைத்தாலும் அந்தத் தடை இருக்கும்.

ஆறாம் மாதப் படத்தில் எலும்பு பாதி வழி வந்திருந்தது. அடுத்த படம் தை மாதத்தில். சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாமாவை விடவில்லை. உள்ளே இருப்பது இப்போது கற்கண்டு என்கிறார் அத்தை.