தம்பி மகளின் வேலையும் ஊர் சுற்றும் பெட்டியும்

மல்லாட்டை பிடுங்கி, காய வெச்சு, மூட்டை பிடிச்சு கமிட்டிக்கு அனுப்பியாச்சு. கை கொஞ்சம் ஓஞ்சிருக்கு. விலை என்ன ஆச்சுன்னு தனியா எழுதறேன். இந்தத் தடவை நிலத்தை விட்டுட்டு வாத்தியார் வேலை பத்தி எழுதலாம்னு இருக்கேன்.

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் போன்ல பேசும்போது, "டீச்சர் டிரெயினிங் முடிச்சா கவர்மென்ட் வேலை ஈசிதானேங்க?"ன்னு கேட்டார். அவர் மேல தப்பில்லை. வெளியில இருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

என் தம்பி மகள் 2004-ல பிளஸ் டூ முடிச்சா. வீட்ல அவளைப் பாப்பான்னுதான் கூப்பிடுவோம், இப்ப முப்பத்தெட்டு வயசைத் தாண்டியாச்சு, இன்னும் பாப்பாதான். அந்தக் காலத்துல தெருவுக்குத் தெரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. ரெண்டு வருஷம் படிச்சா வாத்தியாரம்மான்னு நம்பி, கறவை மாட்டை வித்து, கொஞ்சம் நகையை அடகு வெச்சுப் படிக்க வெச்சோம். முடிச்சதும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சா. முன்னாடி பதிஞ்சவங்களுக்கு முன்னாடி வேலைங்கிறதுதான் அப்ப முறை. நாங்களும் மழைக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தோம்.

மழை வரலை, தகுதித் தேர்வு வந்துச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு அப்புறம் எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் எடுக்கத் தகுதித் தேர்வு கட்டாயம்னு ஆச்சு. நம்ம மாநிலத்துல முதல் தேர்வு 2012 ஜூலைல நடந்தது. 150 கேள்வி, 150 மார்க், 90 எடுத்தாத்தான் தேர்ச்சி. லட்சக்கணக்குல எழுதினாங்க, நூத்துக்கு ஒருத்தர் கூட தேறலை. அதனால அந்த அக்டோபர்லயே மறுபடி வெச்சாங்க. பாப்பா ரெண்டுலயும் தேறலை, 2013-ல தேறிட்டா. தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள் என் தம்பி பெண்சாதி.

ஆனா வெயிட்டேஜ்னு ஒண்ணு குறுக்க நின்னது. தகுதித் தேர்வு மார்க்குக்கு 60, பயிற்சி மார்க்குக்கு 25, பிளஸ் டூ மார்க்குக்கு 15. கணக்கு சரியாத்தான் தெரியும். ஆனா 2004-ல எங்க பக்கத்து அரசுப் பள்ளியில வாங்கின பிளஸ் டூ மார்க்கும், பத்து வருஷம் கழிச்சு வந்த பிள்ளைங்க வாங்கின மார்க்கும் ஒண்ணா? மானாவாரி விளைச்சலையும் போர் தண்ணி விளைச்சலையும் ஒரே தராசுல நிறுத்துற மாதிரிதான். பாப்பா பின்னுக்குப் போயிட்டா. 2018-ல வெயிட்டேஜை எடுத்துட்டு, தகுதித் தேர்வுக்கு மேல இன்னொரு போட்டித் தேர்வுன்னு ஆணை போட்டாங்க. அந்தப் போட்டித் தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 ஜூலைல. நடுவுல ஆறு வருஷம். ஆறு வருஷம் தரிசா போட்ட நிலத்தை ஓட்டி எடுக்கவே எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். இங்க மனுஷங்க.

சும்மா இருக்க முடியுமா? டவுன்ல ஒரு தனியார் பள்ளிக்கு எட்டு வருஷம் போனா. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நடுவுல வேற இடம் பார்க்கணும்னா அதைத் திருப்பி வாங்கறதே தனி வேலை. கொரோனால சம்பளம் பாதியாச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. எங்ககூட மல்லாட்டை ஆய வந்தா. 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப, மாசம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா. அடுத்த வருஷம் காலிப் பணியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் போடலாம்னு அரசாங்கம் சொல்லிச்சு. இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூபாய், பின்னாடி 12,000 ஆச்சு. எங்க ஊர்ப் பள்ளியிலேயே சேர்ந்தா. மே மாசம் சம்பளம் கிடையாது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சு வகுப்பு, 34 பிள்ளைங்க. அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்ங்கிறது சட்டக் கணக்கு. அதுல ஒருத்தர் மீட்டிங் போயிட்டா மிச்ச ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் பார்க்கணும். ஒண்ணாம் வகுப்பு 'அ' எழுதிக்கிட்டு இருக்கும், அஞ்சாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கும். எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களைத் தரம் பிரிச்சு வேற வேற வேலை கொடுக்கணும். அதுக்கு அட்டை வேணும், பொம்மை வேணும், எண்ணறதுக்குப் பொருள் வேணும். எல்லாத்தையும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்ய முடியாது.

அதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சுத்துப்பட்டு நாலு ஊர் டீச்சருங்க சேர்ந்து ஒரு தகர டிரங்குப் பெட்டி வாங்கினாங்க. 2007 வாக்குல செயல்வழிக் கற்றல் வந்தப்ப கொடுத்த அட்டைங்க பீரோவுல தூசி படிஞ்சு கிடந்துச்சு. அதுல நல்லதைப் பொறுக்கி எடுத்தாங்க. பழைய காலுறையில கைப்பொம்மை, அட்டையில கடிகாரம், ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தா கட்டி ஒண்ணு - பத்து - நூறு சொல்லித்தர ஒரு பை. புளியங்கொட்டையும் சோழியும் நான் கொடுத்தேன். ஒரு டீச்சர் குன்றிமணியும் ஆமணக்கும் கேட்டாங்க, பார்க்க அழகா இருக்கும்னு. ரெண்டும் விஷம், சின்னப் பிள்ளைங்க வாயில போடும், வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன்.

பெட்டி ஒரு பள்ளியில ரெண்டு வாரம் இருக்கும். உள்ளே ஒரு நோட்டு, என்ன எடுத்தாங்க, எது கிழிஞ்சதுன்னு எழுதணும். அனுப்பும்போது புதுசா ஒண்ணு செஞ்சு உள்ளே போடணும். எங்க பக்கம் விதை கடன் வாங்கினா அறுப்புல கொஞ்சம் கூடப் போட்டுத் திருப்பித் தருவோமே, அந்த மாதிரி. பெட்டியைக் கொண்டுபோய் விடுறது என் டிவிஎஸ் எக்ஸ்எல். பால் ஊத்திட்டுத் திரும்பும்போது பின்னாடி கட்டிக்குவேன்.

இதே டீச்சருங்களும் பாப்பாகூடப் படிச்சவங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வெச்சிருக்காங்க. எங்க காலி இடம் இருக்கு, எந்தப் பள்ளி சர்டிபிகேட்டைப் பிடிச்சு வெச்சுக்குது, எது மாசம் பொறந்தா சம்பளம் தருதுன்னு எல்லாம் அதுல வரும். ஆசிரியர் தேர்வு வாரியத்தோட அறிவிப்பை வாரியத்தோட சொந்தத் தளத்துல பார்க்காம யாரும் அதுல போடக்கூடாது. ஆள் பிடிச்சு வேலை வாங்கித் தரேன்னு எவனாவது காசு கேட்டா, வேலை இல்லைன்னு அர்த்தம். ரெண்டு குடும்பம் பணத்தைக் கொடுத்துட்டு அலையறதைப் பார்த்த பிறகு வந்த சட்டம் அது.

2024 தேர்வுல 2,768 இடம். பாப்பா எழுதினா, கொஞ்ச மார்க்குல தவறிப்போச்சு. அதுல தேறின ஒரு பொண்ணு ஆடி மாசம் எங்க பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர ஆசிரியரா வந்தாங்க. ஊருக்குச் சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர டீச்சர் வேணும்னு மனு எழுதினதுல பாப்பாவோட கையெழுத்தும் இருந்தது. அந்த டீச்சர் வந்த அன்னியோட இவ வேலை முடிஞ்சது.

ரெண்டு நாள் கூடவே இருந்து, எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எவன் காலைல சாப்பிடாம வர்றான், எவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டு வந்தா. வயிறு எரியலையாம்மான்னு கேட்டேன். "அந்தப் பொண்ணும் என்னை மாதிரி காத்திருந்து வந்தவதான் பெரிப்பா"ன்னு சொன்னா. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை.

இப்ப மறுபடி டவுன்ல தனியார் பள்ளி. காலைல ஆறே முக்காலுக்கு வேன். இந்தத் தடவை சர்டிபிகேட்டோட நகல்தான் தருவேன்னு நின்னு சாதிச்சுட்டா. அடுத்த போட்டித் தேர்வு எப்பன்னு தெரியாது, ராத்திரி உட்கார்ந்து படிக்கிறா.

படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப் பள்ளிக்கு உதவணும்னு தோணினா, வீட்ல மிஞ்சின பழைய நோட்டையும் துணியையும் மூட்டை கட்டி அனுப்பாதீங்க. அந்த டீச்சரைக் கூப்பிட்டு என்ன வேணும்னு கேளுங்க. பெரும்பாலும் கலர் பிரின்ட், லேமினேஷன் செலவு, நல்ல கத்திரிக்கோல், இவ்வளவுதான் சொல்லுவாங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற தனியார் பள்ளியில டீச்சருக்கு என்ன சம்பளம், சர்டிபிகேட் யார் கையில இருக்குன்னும் ஒருமுறை விசாரிங்க. ஃபீஸ் கட்டறவங்க கேட்டா பதில் வரும்.

பெட்டி இந்த வாரம் ஏரிக்கரை ஊர்ல இருக்கு, வெள்ளிக்கிழமை எடுக்கப் போகணும். அதுல போடறதுக்குப் பாப்பா ஒரு பெருக்கல் அட்டை செஞ்சு கொடுத்திருக்கா. மழை வராம இருந்தா சரி.