பஸ் வாந்தியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

அந்த அம்மாவுக்குக் கத்தியைவிட வாந்திதான் பயம். முந்தைய ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் ஓயாத வாந்தி. ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் பிய்ந்துவிடும் போல வலி. இப்போது பித்தப்பை ஆபரேஷன். "இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா?" என்று தயங்கினார். மகள்தான் சொன்னாள், பஸ் வாந்தியையும் சேர்த்து.

மயக்க டாக்டருக்கு அது முக்கியமான தகவல். பெண், புகைப்பழக்கம் இல்லாதவர், பயணத்திலோ முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகோ வாந்தி எடுத்தவர், மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுபவர் - இந்த நான்கும் சேர்ந்து, தடுப்பு மருந்தும் தராவிட்டால் 10 பேரில் 8 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரலாம். அதனால் வாயு மயக்கத்துக்குப் பதில் நரம்பு வழியாக புரோபோஃபால், தொடக்கத்தில் டெக்ஸாமெத்தசோன், முடிவில் ஆன்டான்செட்ரான் என்று முன்கூட்டியே திட்டமிட்டார். லேசான குமட்டலோடு போயிற்று.

சர்க்கரை, பிரஷர் மட்டுமல்ல, பஸ் வாந்தியும் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.