குதிரை சொல்லாத வலி

மூட்டு வலிக்கு ஊசி என்றதும் நம் வயதுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வீர்கள். ஆனால் நான் முதலில் சொல்லப்போவது ஒரு குதிரைக்குப் போட்ட ஊசியைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் பிரான்சில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். பாரீசுக்கு வடக்கே, ஷாந்தியி ஊருக்குப் பக்கம். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஊர் அது. விடிகாலையில் மணல் பாதைகளில் வரிசை வரிசையாகக் குதிரைகள் போகும். அங்கே அரண்மனை போல ஒரு பழைய லாயம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பிரபு, அடுத்த பிறவியில் தாம் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பினாராம். அதனால்தான் லாயத்தை இவ்வளவு பெரிதாகக் கட்டினார் என்று சொல்வார்கள்.

அடுத்த வீட்டு மதாமிடம் ஒரு கிழக் குதிரை இருந்தது. வயது 19. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, என்னைப் போல் பென்ஷனில் இருந்தது. முன்னங்கால் முட்டியில் 'அர்த்ரோஸ்', அதாவது மூட்டுத் தேய்மானம். பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு இன்னும் கைகொடுப்பதால் மதாமுக்குப் பேச்சுத்துணை ஆனேன். டாக்டர் வரும் நாளில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

வலி எங்கே என்று குதிரையை எப்படிக் கேட்பது? டாக்டர் அதைக் கெட்டியான தரையில் மெல்ல ஓட்டச் சொன்னார். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். பிறகு அந்தக் காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடவைத்தார். இப்போது நொண்டல் எனக்கே தெரிந்தது.

"குதிரை வலியை மறைக்கும். கூட்டத்தில் நொண்டுகிறதைத்தானே ஓநாய் பிடிக்கும்? அது சொல்லாது, நாம்தான் நடையைப் பார்க்க வேண்டும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். குதிரையின் முன்னங்கால் முட்டி உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமாம். நம் முழங்காலுக்குச் சமமானது பின்னங்காலில், வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறதாம்.

மூட்டின் மேல் முடியை மழித்து, மருந்துநீரால் பல நிமிடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் குதிரையையே இழக்க நேரிடும். பிறகு ஊசியைச் செருகி உள்ளே இருந்த நீரை எடுத்துக் காட்டினார். நல்ல மூட்டில் அது முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபட வேண்டும். இது தண்ணீராக இருந்தது. அதே ஊசி வழியாக ஹையலுரோனிக் அமிலமும் கொஞ்சம் ஸ்டீராய்டும் செலுத்தினார்.

சதையில் போடும் ஊசியும் இருக்கிறது. மாட்டின் மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பிலிருந்து எடுக்கும் மருந்து அது. அமெரிக்காவில் 500 மில்லிகிராம் வீதம் நான்கு நாளுக்கு ஒன்றாக, 28 நாளில் 7 ஊசி என்பது கணக்கு. எந்த ஊசியும் தேய்ந்ததைப் புதிதாக்கிவிடாது. வீக்கத்தை அடக்கி, வலியைக் குறைத்து, கொஞ்ச காலம் வாங்கித் தரும்.

ஊசி போட்டதும் டாக்டர் ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் அடையாளப் புத்தகம் உண்டு. அதில் ஒரு பக்கம், அந்தக் குதிரையை இறைச்சிக்கு அனுப்பலாமா கூடாதா என்பதற்கு. ஃபினைல்பூட்டசோன் என்ற வலிமருந்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு எப்போதுமே அனுப்பக் கூடாது. மதாம் என்றைக்கோ 'கூடாது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்.

பந்தயக் குதிரைக்கு இதே ஊசி போட்டால் கதை வேறு. வலி தெரியாமல் ஓடும், கெட்ட மூட்டு இன்னும் கெடும். அதனால் ஊசிக்குப் பிறகு இத்தனை நாள் ஓடக் கூடாது என்று பந்தய விதிகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் கிழக் குதிரையை யாரும் ஓடச் சொல்லவில்லை. புல்வெளியில் நடக்கட்டும், படுத்தால் எழுந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

அன்றிரவு மகள் வீட்டு மாடிப்படியில் மனைவி எனக்கு முன்னால் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்த்தாள். கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது இருக்கும் ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அடுத்தவர் எழுதிய பேரேட்டில் ஒரு பைசா பிழையைக் கண்டுபிடித்தவன் நான். நம் வீட்டு மாடிப்படியில் அவள் எப்படி ஏறுகிறாள் என்று இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் எலும்பு டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே ஹையலுரோனிக் அமில ஊசியைப் பற்றிச் சொன்னார். "குதிரைக்குப் போட்டதையா எனக்கு?" என்றாள் மனைவி. கேள்வி சரிதான். 1934இல் மேயர், பால்மர் என்ற இருவர் நியூயார்க்கில் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. பிற்பாடு பாலாஸ் என்ற ஹங்கேரிக்காரர் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார். பந்தயக் குதிரைகளின் மூட்டில் போட்டுப் பார்த்த பிறகே மனித முழங்காலுக்கு வந்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1997இல். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களே, உங்கள் கண்ணிலும் அநேகமாக இது எட்டிப் பார்த்திருக்கும். இப்போது நுண்ணுயிரிகளைக் கொண்டும் தயாரிக்கிறார்கள் என்று சொன்ன பிறகே சைவமான என் மனைவி சமாதானமானாள்.

டாக்டர் ஆசை காட்டவில்லை. எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் சில மாதம்தான், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தால்தான் பலன் நிற்கும் என்றார். அவளுக்கு ஓரளவு கேட்டது. பயிற்சியை இன்றுவரை விடவில்லை. படுக்கையைக் கீழ்க்கட்டுக்கு மாற்றினோம். மாடிக்குப் போய்த் துணி உலர்த்துவது இப்போது என் வேலை.

கிழக் குதிரை இரண்டு வருடம் அந்தப் புல்வெளியில் நடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது என்று மகள் சொன்னாள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உங்களோடு இருப்பவர் மாடி ஏறும்போது பின்னால் நின்று பாருங்கள். எந்தக் கால் முதலில் போகிறது?