கடற்கரைப் பள்ளியும் கறுப்பு இசைத்தட்டும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாய்ச் செல்லும் நெடுஞ்சாலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஓரூர் எங்கே முடிந்து மற்றோரூர் எங்கே தொடங்குகின்றதென்பதைப் புதியவர் அறிதல் அரிது. மருதமுனை நெசவுக்குப் பேர்போனது. காரைதீவோ, 'யாழ் நூல்' யாத்த விபுலாநந்த அடிகளை 1892இல் ஈன்ற ஊர். இவற்றினிடையே கல்முனைக்குடியின் மணற்பரப்பில், கடலை நோக்கியவாறு நிற்கின்றது கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரிலே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக இங்கே ஆண்டுதோறும் கொடியேறும்.

நாகூர் என்றதும் இக்கரையார் செவியில் ஒலிப்பது ஈ. எம். ஹனீபாவின் கணீரென்ற குரலே. முறையாக இசை பயிலாத அம்மனிதரின் பாட்டை இசைத்தட்டும் இலங்கை வானொலியும் கடல் கடத்திக் கொணர்ந்தன. 2015இல் அவர் மறைந்தார்; குரல் மறையவில்லை. கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் சின்னத்தை நம் பாட்டனார் காலத்தவர் நன்கறிவர். அச்சின்னத்துக்குரிய இலண்டன் நிறுவனத்தின் மற்றொரு கிளையிலேதான், 1962ஆம் ஆண்டு ஜூன் மாதம், லிவர்பூல் இளைஞர் நால்வர் பாடிக் காட்ட வந்தனர். 'டெக்கா' நிறுவனத்தார் வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் அவர்கள்.

கேட்டவர் ஜோர்ஜ் மார்ட்டின். நகைச்சுவைத் தட்டுகள் பல பதிவு செய்தவர். அவர்களுடைய பாட்டு அவருக்கு அத்துணை உவப்பாயில்லை. வேறொருவர் இயற்றிய பாடலொன்றைக் கொடுத்துப் பாடச் சொன்னார். பாடினார்கள், ஆயினும் தம் சொந்தப் பாட்டே வெளிவர வேண்டுமென்று நின்றனர். பெரியவர் இணங்கினார்! அடுத்த பாட்டு மந்தமாக இழுபட்டபோது, 'விரைவாகப் பாடிப் பாருங்கள்' என்றார்; இம்முறை இளைஞர் இணங்கினர். அதுவே அவர்களுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 1963 பெப்ரவரி 11ஆந் திகதி, ஒரே நாளில், முதல் நெடுந்தட்டின் பெரும்பகுதி பதிவாயிற்று. 1965இல் ஒரு பாட்டுக்கு நரம்பிசைக் கருவிகள் நான்கினைச் சேர்க்கலாமென்று மார்ட்டின் சொன்னபோது, பாடியவர் முதலில் தயங்கினாராம். விட்டுக் கொடுப்பதும் விடாது நிற்பதும் இரு பக்கமும் இருந்தன. 'பீட்டில்ஸ்' கதையில் எனக்குப் பிடித்தது இதுவே. தலைமயிர் பற்றிய ஆரவாரமன்று.

கல்முனைக் கரையிலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. நோன்பு மாதத்துச் சஹர் வேளையில் றபான் கொட்டித் தெருவை எழுப்பும் பக்கீர்மார் பாட்டு உண்டு. களிகம்பாட்டப் பாட்டு உண்டு. வயலிலும் தோணியிலும் பிறந்த கவிகள் உண்டு. ஏட்டில் ஏறியவை சில. குரலோடு பதிவானவை அவற்றினும் சில. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரை வீடுகளை வாரிச் சென்றபோது முதியோர் பலரும் போயினர். அவர்கள் நெஞ்சிலிருந்தவற்றை யார் கணக்கெடுத்தார்?

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். பக்கீரின் பாட்டோ வாசலுக்கு வாசல் நீளும், குறுகும். எவ்வடியை வைப்பது, எதனை விடுவதென்று அவரோடு உட்கார்ந்து வாதாட, பாட்டை நேசிக்கும் ஒருவர் வேண்டும். பதிவுக்கருவி இன்று மாணவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. றபானுடன் வருவோர் அருகிவிட்டனராயினும், அடுத்த நோன்பிலும் யாரேனும் ஒருவர் அத்தெருவழியே வரக்கூடும்.