விடுதலைக்குப் பின் வந்த கற்பனைகள்

கிறிஸ்தவனுக்குத் தேசபக்தி தகுமா என்ற கேள்வி ஒரு காலத்தில் நம்மவர் வீடுகளில் பலமாக நடந்தது. அதிகாரம் எல்லாம் தேவனால் உண்டாயிருக்கிறது என்று ரோமர் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தைக் காட்டினார்கள் பெரியவர்கள். மனிதரைவிடத் தேவனுக்கே முதலில் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று கூறிய விடையைக் காட்டினார்கள் இளைஞர்கள். ஒரே வேதத்தின் இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, தகப்பனாரும் பிள்ளையும் சாப்பாட்டு வேளையில் முகம் பாராமல் இருந்த வீடுகளும் இருந்திருக்கும்.

அந்த வழக்கில் தம் வாழ்க்கையையே சாட்சியாகக் கொடுத்தவர் ஜே. ஸி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் கற்றவர். பம்பாயில் கௌரவமாகத் தொழில் நடத்தியவர். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு கதருடுத்தார், 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தினார், சிறை புகுந்தார். சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு விரோதமென்று சபைத் தலைவர்கள் சிலர் கூறியபோது, அவர்களுக்கு வேதத்தைக் கொண்டே பதில் எழுதினார். பிற்காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்துகொண்டு, இயேசு பெருமானின் நடையையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். இரண்டும் 1945-ல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை தந்தார்.

குமரப்பாவிடம் நாம் கண்டு வியப்பது அவருடைய தியாகத்தை மட்டுமல்ல. அவர் கடைசிவரை தணிக்கையாளராகவே இருந்தார். 1931-ல் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் உள்ள கடன் கணக்கைக் காங்கிரஸுக்காக ஆராய்ந்தவர், நாடு விடுதலை பெற்ற பின் நம்முடைய சொந்த சர்க்காரின் கணக்கையும் அதே கண்டிப்போடு புரட்டிப் பார்த்தார். அதனால் பதவியிலிருந்த பழைய நண்பர்களுக்கு அவர் இனிக்கவில்லை. விருதுநகரைத் தாண்டி வடக்கே போனால் வரும் டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்து, 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

ஏன் அந்தத் தணிக்கை விடுதலைக்குப் பின்னும் வேண்டியிருந்தது? வேத சரித்திரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலர் எகிப்தில் செங்கல் அறுத்தபோது கர்த்தர் அவர்களுக்குக் கற்பனைப் பலகைகளை அனுப்பவில்லை. முதலில் விடுதலை, மூன்றாம் மாதத்தில் சீனாய் மலை. கற்பனைகள் அடிமைகளுக்கு இட்ட விலங்கல்ல. விடுதலை பெற்றவர்களுக்குக் கொடுத்த பொறுப்பு. ஓய்வுநாளைப் பற்றிய கற்பனை மகனையும் மகளையும், வேலைக்காரனையும் வேலைக்காரியையும், மாட்டையும், வாசலில் தங்கிய அந்நியனையும் பெயர் சொல்லி அழைக்கிறது. உபாகமம் அதற்குக் காரணமும் கூறுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை மறவாதே என்பது அதன் கருத்து.

இராயனுடைய நாணயத்தைக் கையில் வாங்கி, இது யாருடைய உருவம் என்று இயேசு கேட்டார். நம் தேசத்து நாணயத்தில் மன்னரின் தலை இருந்தவரையில் அதற்கு விடை சுலபம். 1950-ல் அது மறைந்து அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கங்கள் வந்தன. வாக்குரிமை உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் இன்று ஒரு இராயன் உட்கார்ந்திருக்கிறான். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியலாமா என்ற கேள்வி தீர்ந்தது. அதிகாரத்தை எப்படி நடத்தினோம் என்ற கேள்விக்கு விடை சொல்லும் முறை நம்முடையது.

இதை எழுதும்போது நம் மனம் இருக்கன்குடிப் பக்கமே போகிறது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஜனங்கள் திரள் திரளாக நடந்து வருகிறார்கள். நாம் வேறு பீடத்தின் முன் முழங்காலிடுகிறவர்கள்தான். ஆயினும் அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் வேண்டுவது என்னவென்று அறிய நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மழை பொய்க்கும் கரிசல் சீமை அது. தீக்குச்சி அடுக்கியும், பெட்டி ஒட்டியும், சரம் பின்னியும், வெடிக்கு மருந்து அடைத்தும் எத்தனையோ குடும்பங்கள் கஞ்சி குடிக்கின்றன. செய்த உருப்படிக்குத் தக்க கூலி. பார்வோனின் செங்கல் கணக்கு நமக்கு நினைவு வருவதில் தவறென்ன?

2021 பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூருக்கு அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 19-க்குக் குறையாத உயிர்கள் போயின. அது முதல் விபத்துமல்ல, கடைசி விபத்துமல்ல. சட்டம் இல்லாமலா? ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதிகள் இருக்கின்றன. உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடத்துவது உள்குத்தகைக்காரர் என்றால் விதி யாரைக் கேட்கும்? தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் உழைத்ததைப் பற்றி உயர் நீதிஸ்தானமாகிய சுப்ரீம் கோர்ட்டே 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது. குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டுமென்றது. அதன் பின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது பெருகியது நமக்கு மகிழ்ச்சியே.

சர்க்காரின் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. குமரப்பா அங்கே நிற்கவில்லை. ஒரு பண்டம் எந்த அநீதியால் உண்டாயிற்றோ, அதில் வாங்குகிறவனுக்கும் பங்குண்டு என்பது அவர் கொள்கை. தீபாவளிக்கு மட்டுமா, கிறிஸ்து பிறந்த இரவிலும் நம் சபையார் வீட்டு முற்றங்களில் சரவெடி கேட்கிறது. வெடியே வேண்டாம் என்று விலகிக்கொள்வது சுத்தமான யோசனைபோலத் தோன்றும். நமக்கு அதில் சம்மதமில்லை. வாங்குவோர் ஒழிந்தால் கரிசல்காட்டுக் குடும்பங்கள் எங்கே போகும்? பேரம் பேசுவதை நிறுத்தலாம். உரிமம் இல்லாத இடத்துச் சரக்கு பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாமென்று சொல்லலாம். பண்டிகை நெருங்கும் வாரங்களில் அந்தப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா என்று, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நம் சபைகளிலுள்ள வியாபாரிகளைக் கேட்கலாம்.